வல்லத்து எண்ணறிஞர் எஸ். எஸ். பிள்ளை

சங்கரன்கோவிலில் அம்மைக்குக் கோமதி என்பது திருப்பெயர். அரனும் அரியும் ஓருருவாய் நிற்கும் மூர்த்திக்குச் சங்கரநாராயணர் என்பது பெயர். ஆடித்தபசு காணத் திரளும் ஊர்களில், வாசுதேவநல்லூர் தொடங்கித் தெற்கே செங்கோட்டை வரையில், இவ்விரு பெயர்களும் வழங்காத தெரு அரிது. குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் சிற்றூரில், 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் பிறந்த ஆண்மகவு சிவசங்கரநாராயணன் என்று பெயர் பெற்றதும் இம்மலையடிவார வழக்கை ஒட்டியதே போலும். பின்னாளில் உலகக் கணித நூல்களில் எஸ். எஸ். பிள்ளை என்று சுருங்கிப் பதிவான பெயர் அது.

இலக்கிய அன்பர்க்குக் குற்றாலம் என்றதும் திரிகூடராசப்பக் கவிராயர் நினைவுக்கு வருவார், ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வருவார். வாசுதேவநல்லூரார்க்குப் பூலித்தேவரின் கோட்டை நினைவுக்கு வரும். இவர்களுக்கு விழா எடுப்பதும் மலர் வெளியிடுவதும் இப்பகுதியில் வழக்கம். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று செல்லும் அதே சாலையின் தென்முனையில் பிறந்து, இராமானுஜனுக்குப் பின் இந்திய எண் கணிதத்தில் தலைசிறந்த சாதனைகளில் ஒன்றைச் செய்தவருக்கு அத்தகைய விழா எதுவும் பெரிதாக எடுக்கப்படவில்லை. எண்களின் அழகு செவிக்கு எட்டாது, கண்ணுக்கும் எளிதில் புலப்படாது என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் பிள்ளை எழுப்பிய வினாக்களைப் பொறுத்தவரை அக்காரணம் செல்லாது. அவை பள்ளிச் சிறுவனும் விளங்கிக்கொள்ளக் கூடியவை; விடைகள்தாம் உலகப் பேரறிஞர்களையும் மலைக்க வைத்தவை.

பிள்ளைக்கு ஓராண்டு நிறையும் பருவத்தில் அன்னை மறைந்தார். தந்தையின் வளர்ப்பில் செங்கோட்டையில் பயின்றார். அங்கே சாஸ்திரியார் என்ற ஆசிரியர் மாணவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு தம் பிள்ளை போல் அரவணைத்தார். பள்ளியின் இறுதி வகுப்பில் படித்துக் கொண்டிருந்தபோது தந்தையும் காலமானார். தாயும் தந்தையும் இல்லாத, செல்வமும் இல்லாத ஓர் இளைஞனின் கல்வி அத்துடன் நின்றிருக்க வேண்டும். நில்லாமற் போனதற்குச் சாஸ்திரியாரின் பொருளுதவியே காரணம். ஆசிரியர் ஒருவர் தம் கையிருப்பைக் கொடுத்து ஒரு மாணவனைக் கரையேற்றியது இந்நாட்டில் புதுமை அன்று. எனினும் அந்த உதவி இல்லையேல் இவ்வரலாறு எழுதப்பட்டிராது.

செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆளுகையில் இருந்தது. 1956 நவம்பரில்தான் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே பிள்ளையின் மேற்படிப்புத் திருவிதாங்கூர்ப் பக்கமே திரும்பியதில் வியப்பில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்கே இருவர் வழிகாட்டினர். ஒருவர் கே. ஆனந்தராவ், கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர், இராமானுஜன் அங்கிருந்த அதே ஆண்டுகளில் தாமும் அங்கிருந்தவர். மற்றவர் ஆர். வைத்தியநாதசுவாமி. இராமானுஜன் மறைந்து ஏழாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எண் கணிதத்தில் கால் வைக்கும் எந்த இளைஞனையும் அந்த மேதையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சுமை சென்னையில் அப்போது இருந்திருக்கும். பிள்ளை அச்சுமையைத் தூக்கிக்கொண்டு திரிந்ததாகத் தெரியவில்லை. அவர் வழி வேறு. இராமானுஜன் எங்கிருந்தோ பறித்து வந்தது போலச் சூத்திரங்களைத் தந்தார். பிள்ளை படிப்படியாக ஏறினார்.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அவ்வாண்டே பிள்ளை அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேயே இருந்தார். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்தாம் அவர் வாழ்வின் விளைச்சற்காலம்.

சிதம்பரத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று ஓர் எளிய எண் முக்கோணத்தைச் சார்ந்தது. எண் முக்கோணம் என்பது இலக்கியவாணர்க்குப் புதிதன்று. பிங்கலரின் சந்த நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை கண்ட ஹலாயுதர் மேருப் பிரஸ்தாரம் என்று ஒன்றை விளக்குகிறார். நான்கு அசை கொண்ட அடியில் குருவே இல்லாதது ஒன்று, ஒரு குரு உள்ளவை நான்கு, இரண்டு குரு உள்ளவை ஆறு, மூன்று உள்ளவை நான்கு, நான்கும் குருவானது ஒன்று என்று யாப்பின் வகைகளைக் கணக்கிட எழுந்த அடுக்கு அது. ஐரோப்பியர் அதைப் பாஸ்கல் முக்கோணம் என்றனர். சேர்மானக் கணிதத்தின் தாய் முக்கோணம் அதுவே. பிள்ளை ஆராய்ந்த கூட்டுத்தொகையையும் இப்படி ஒரு முக்கோணமாக அடுக்கிப் பார்க்கலாம். நான்காம் வரிசையில் 1, 2, 3, 4 ஆகிய ஒவ்வொன்றுக்கும் 4க்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியை எழுத வேண்டும். ஆறாம் வரிசையில் 1 முதல் 6 வரை ஒவ்வொன்றுக்கும் 6க்கும் உள்ளதை எழுத வேண்டும்.

1
1 2
1 1 3
1 2 1 4
1 1 1 1 5
1 2 3 2 1 6

ஒவ்வொரு வரிசையையும் கூட்டினால் 1, 3, 5, 8, 9, 15 என்று ஓர் எண் தொடர் கிடைக்கிறது. அடுத்தவை 13, 20, 21, 27. ஏறியும் இறங்கியும் ஒழுங்கின்றிச் செல்வது போலத் தோன்றும் இத்தொடருக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வரிசை எண் பகா எண்ணாக இருந்தால் கூட்டுத்தொகை அதன் இருமடங்கில் ஒன்று குறைவு. பொது வகுத்தி இல்லாத இரண்டு எண்களைப் பெருக்கி வரும் வரிசைக்கு, அவ்விரண்டின் கூட்டுத்தொகைகளைப் பெருக்கினால் போதும். மூன்றாம் வரிசைக்கு 5, ஐந்தாம் வரிசைக்கு 9. ஆகவே பதினைந்தாம் வரிசையைக் கூட்டிப் பார்க்காமலே 45 என்று சொல்லிவிடலாம். இத்தாலியரான செசாரோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இக்கூட்டுத்தொகையைத் தொட்டிருந்தார். எனினும் 1933இல் பிள்ளை இதனை ஆராய்ந்தமையால், இன்று இது பிள்ளையின் சார்பு என்றே நூல்களில் வழங்குகிறது.

அதற்கு முன்பே, 1930இல், அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று இன்னும் சுவையான தொடரைத் தந்தது. ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு மேற்படாத மிகப்பெரிய பகா எண்ணைக் கழிக்க வேண்டும். எஞ்சியதிலிருந்து மீண்டும் அவ்வாறே கழிக்க வேண்டும். இறுதியில் பூச்சியமோ ஒன்றோ மிஞ்சும். ஒன்று மிஞ்சினால் அதையும் ஒரு கூறாகக் கொள்ளலாம். பெரும்பாலான எண்கள் இரண்டு மூன்று கூறுகளில் முடிந்துவிடும். இரண்டு கூறு தேவைப்படும் முதல் எண் 4. அது மூன்றும் ஒன்றும். மூன்று கூறு தேவைப்படும் முதல் எண் 27; அது 23, 3, 1. நான்கு தேவைப்படும் முதல் எண் 1354. அது 1327உம் 27உம் சேர்ந்தது. 1327க்குப் பின் 1361 வரை பகா எண்ணே இல்லாத நீண்ட வெற்றிடம் இருப்பதால்தான் இது நேர்கிறது. ஐந்து கூறு தேவைப்படும் முதல் எண் எது? காகிதத்தையும் எழுதுகோலையும் கொண்டு எவராலும் அதை எட்ட முடியாது. பகா எண்களுக்கிடையே 1354க்கும் மேற்பட்ட வெற்றிடம் முதன்முதலில் எங்கே வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். கணிப்பொறி வளர்ந்த பிறகே விடை கிடைத்தது: 401429925999155061. பதினெட்டு இலக்கம். ஆறாம் எண்ணை எழுதிக் காட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் கூறுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. எத்தனை கூறு வேண்டுமென்றாலும் அத்தனை கேட்கும் எண் எங்கோ இருக்கத்தான் வேண்டும், ஏனெனில் பகா எண்களிடையே எவ்வளவு பெரிய வெற்றிடமும் உண்டு. 1, 4, 27, 1354 என்று நடந்து திடீரென்று விசும்பில் பாயும் இத்தொடர் பிள்ளைத் தொடர் என்றே பெயர் பெற்றுவிட்டது.

அதே 1930இல் சர்வதமன் சௌலாவுடன் சேர்ந்து மற்றொரு கட்டுரை வெளிவந்தது. ஓர் எண்ணுக்குக் கீழே, அதனோடு பொது வகுத்தியில்லாத எண்கள் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணிக்கைகளைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால் வரும் தொகைக்கு ஒரு தோராய மதிப்பு உண்டு. பத்து வரை கூட்டினால் 32 வரும். சூத்திரம் 30க்குச் சற்று மேல் என்கிறது. இந்தப் பிழை எவ்வளவு தூரம் பெருகக் கூடும் என்பதை இருவரும் ஆராய்ந்தனர்.

இவையெல்லாம் முன்னுரை எனலாம். பிள்ளையின் பெயரை நிலைநாட்டியது வாரிங் கணக்கு.

எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1770இல் ஒரு கூற்றை எழுதிவைத்தார், நிறுவவில்லை. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம். இவ்வாறே மேலும் செல்லும் என்பது அக்கூற்று. வர்க்கத்துக்கு லக்ராஞ்சு அவ்வாண்டிலேயே நிறுவல் தந்தார். மற்றவை அசையவில்லை. எந்த அடுக்குக்கும் ஏதோ ஓர் எண்ணிக்கை போதும் என்பதை மட்டும் ஜெர்மானியரான ஹில்பர்ட் 1909இல் நிறுவினார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அவர் நிறுவல் சொல்லவில்லை. கனங்களுக்கு ஒன்பது என்பது 1909 முதல் 1912 வரை வீஃபெரிச்சு, கெம்ப்னர் ஆகியோரின் உழைப்பால் உறுதியாயிற்று. அதற்கு மேல் இருள்தான்.

குறைந்தது எத்தனை வேண்டும் என்பது கடினமன்று. புகழ்பெற்ற ஆய்லரின் மகன் அதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார். ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஆறாம் அடுக்கு ஒன்று, இரண்டினது 64, மூன்றினது 729. இப்போது 703 என்ற எண்ணைப் பார்த்தால், 729 அதைவிடப் பெரிது. ஆகவே 64ஐயும் ஒன்றையும் மட்டுமே கொண்டு அதைக் கட்ட வேண்டும். பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63க்கும் ஒன்று ஒன்றாக அறுபத்து மூன்று. ஆக மொத்தம் 73. எனவே 73க்குக் குறைந்து எவராலும் தப்ப முடியாது. இதே கணக்கை ஒவ்வோர் அடுக்குக்கும் போட்டால் 1, 4, 9, 19, 37, 73, 143, 279 என்று ஒரு தொடர் எழுகிறது. இரண்டின் அடுக்கோடு, மூன்றின் அடுக்கை இரண்டின் அடுக்கால் வகுத்து வரும் ஈவைக் கூட்டி, இரண்டைக் கழித்தால் இத்தொடரின் ஒவ்வோர் உறுப்பும் கிடைக்கும். கேள்வி இதுதான்: 703 போன்ற சிறிய எண்கள் கேட்கும் இந்த விலையை விட, எங்கோ தொலைவில் உள்ள பேரெண் ஒன்று அதிக விலை கேட்குமா?

இந்த வினாவின் கடினத்தை உணர ஒன்று போதும். எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்து மாளாது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920களில் ஒரு முறையைக் கண்டனர். ரஷ்யரான வினோகிராதோவ் 1930களின் நடுவில் அதைக் கூர்மையாக்கினார். அம்முறையால் மிக மிகப் பெரிய எண்களைப் பற்றி உறுதி சொல்ல முடிந்தது. சிறிய எண்களைக் கையால் போட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில், கணக்கிட்டு முடியாத அளவுக்குப் பெரிதாகவும், வினோகிராதோவின் முறைக்கு எட்டாத அளவுக்குச் சிறிதாகவும் ஒரு பெருவெளி கிடந்தது. அதை இரு கரையிலிருந்தும் பாலம் கட்டி இணைப்பதே வேலை. சிகாகோவில் எல். ஈ. டிக்சன் அதில் இறங்கினார். அவர் அமெரிக்கக் கணித உலகின் தலைவர்களுள் ஒருவர். எண் கணிதத்தின் வரலாற்றையே மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர். சிதம்பரத்தில் பிள்ளை இறங்கினார். தொடங்கி ஆறேழு ஆண்டே ஆன ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர்.

1935, 36ஆம் ஆண்டுகளில் இருவரும் ஒருவரையொருவர் சாராமல் ஏறத்தாழ ஒரே முடிவை எட்டினர். அடுக்கு ஏழும் அதற்கு மேலும் ஆனால், மேற்சொன்ன தொடரே விடை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மூன்றின் அடுக்கை இரண்டின் அடுக்கால் வகுக்கும்போது வரும் மீதி, வகுக்கும் எண்ணை மிக நெருங்கிவிடக் கூடாது. அந்த நிபந்தனை மீறப்பட்டதாக ஓர் அடுக்கு கூட இதுவரை அகப்படவில்லை. 1990இல் நாற்பத்தேழு கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் வரை கணிப்பொறியால் சோதித்துவிட்டனர்; விதிவிலக்கு கிடைக்கவில்லை. மீறல்கள் இருந்தாலும் அவை முடிவுள்ள எண்ணிக்கையினவே என்று 1957இல் மாலர் நிறுவினார்.

ஏழுக்குக் கீழே டிக்சன் இறங்கவில்லை. பிள்ளை இறங்கினார். 1940இல் ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று நிறுவினார். அடுக்கு குறையக் குறையக் கணக்குக் கடினமாகும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சிறிய அடுக்கில் வினோகிராதோவின் கருவி மழுங்கிப் போகும்; பாலத்தின் நீளம் பெருகும். அந்த 73 முழுக்க முழுக்கப் பிள்ளைக்கே உரியது. அதில் பங்கு கேட்க எவருமில்லை.

ஏழுக்கு மேற்பட்டவற்றில் கதை அப்படியில்லை. பிள்ளையின் முதற் கட்டுரைகள் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணிதக் கழக இதழிலும் வெளிவந்தன. டிக்சனின் கட்டுரைகள் உலகமெங்கும் படிக்கப்பட்ட அமெரிக்க இதழ்களில் வந்தன. மேலைநாட்டு நூல்களில் பல காலம் டிக்சன் பெயர் முன்னும் பிள்ளை பெயர் பின்னும் நின்றன. சிலவற்றில் பின்னும் இல்லை. சிதம்பரத்திலிருந்து கப்பலில் ஓர் இதழ் எங்கெங்குப் போய்ச் சேர்ந்தது, யார் பிரித்துப் பார்த்தார் என்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் புகழ் அமைந்தது. பிள்ளை மறைந்த பின் எழுதிய அஞ்சலியில் கே. சந்திரசேகரன் இந்த ஆய்வையே அவருடைய ஆகச் சிறந்த படைப்பாகவும், இராமானுஜனுக்குப் பின் இந்தியக் கணிதத்தின் மிகச் சிறந்த சாதனைகளுள் ஒன்றாகவும் மதிப்பிட்டார். அம்மதிப்பீட்டை மாற்ற இன்றுவரை காரணம் எழவில்லை.

வாரிங் கணக்கின் உழைப்புக்கிடையே வேறு சில மணிகளும் விளைந்தன. அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டால், அவற்றுள் மற்ற எல்லாவற்றோடும் பொது வகுத்தியில்லாத தனியன் ஒன்று இருக்குமா என்று பிள்ளை கேட்டார். பதினாறு எண்கள் வரை எங்கே எடுத்தாலும் தனியன் ஒன்று கட்டாயம் உண்டு என்று நிறுவினார். பதினேழாகிவிட்டால் உறுதி குலைந்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களைப் பார்க்கலாம். 2189ஐப் பதினொன்று பிடித்துக்கொள்கிறது, 2200ஓடு சேர்த்து. 2191ஐ ஏழு பிடிக்கிறது. 2197 பதின்மூன்றின் கனம். தனித்து நிற்கும் என்று தோன்றும். ஆனால் 2184 பதின்மூன்றால் வகுபடும். ஒருவர்கூடத் தப்பவில்லை. 17 முதல் 430 வரை எந்த நீளத்துக்கும் இத்தகைய கூட்டம் உண்டு என்று பிள்ளை காட்டினார். 430க்கு மேலும் அவ்வாறே என்பதை 1941இல் பிரவுவர் முடித்துவைத்தார். பதினாறுக்கும் பதினேழுக்கும் இடையே இப்படியொரு கோடு கிழிக்கப்பட்டிருக்கும் என்று யார் நினைத்திருப்பார்?

1, 2, 3 என்று எல்லா எண்களையும் புள்ளிக்குப் பின் வரிசையாக ஒட்டி எழுதினால் வரும் பின்னத்தில் எல்லா இலக்கங்களும் சமநீதியாகப் பங்கேற்கின்றன என்று சாம்பர்னௌன் 1933இல் காட்டியிருந்தார். அதற்கு எளிய நிறுவல் ஒன்றையும் பிள்ளை தந்தார்.

1941இல் சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டே கல்கத்தாவுக்குப் பயணம். அங்கே கணிதத் துறையில் எஃப். டபிள்யூ. லெவி இருந்தார், நாஜி ஆட்சியால் ஜெர்மனியில் பதவியிழந்து இந்தியா வந்த யூத அறிஞர். அவருடைய அழைப்பின் பேரில் பிள்ளை கல்கத்தாப் பல்கலைக்கழக விரிவுரையாளரானார். 1942 டிசம்பரில் கல்கத்தா மீது ஜப்பானியர் குண்டு வீசினர். மறு ஆண்டு வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. அந்த ஆண்டுகளில் பிள்ளையின் மனம் இரண்டின் அடுக்குகளிலும் மூன்றின் அடுக்குகளிலும் நிலைத்திருந்தது.

இது புதிய நாட்டமன்று. வாரிங் கணக்கின் நிபந்தனையே இரண்டின் அடுக்கும் மூன்றின் அடுக்கும் எவ்வளவு நெருங்கலாம் என்பதில்தான் அடங்கியிருந்தது. 1931லும் 1936லும் அவர் பொதுப்படவே இதை ஆராய்ந்தார். இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டால், ஒன்றின் அடுக்கிலிருந்து மற்றதன் அடுக்கைக் கழித்துக் குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் வருவது சில முறைகளே. வித்தியாசம் போதுமான அளவு பெரிதாக இருந்தால் ஒரு முறைக்கு மேல் வரவே வராது. இரண்டையும் மூன்றையும் எடுத்துக்கொண்டால், 8இல் 3 போனால் 5. 32இல் 27 போனாலும் 5. அதுபோல 16இல் 3 போனால் 13. 256இல் 243 போனாலும் 13. இப்படி இருமுறை வரும் வித்தியாசங்கள் பதின்மூன்றைத் தாண்டி இல்லை என்று 1945இல் பிள்ளை ஊகித்தார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1982இல், ஸ்ட்ரூக்கரும் டைட்மனும் அதை நிறுவினர். அதற்குத் தேவையான கருவியைப் பிள்ளை மறைந்த பின்னரே ஆலன் பேக்கர் உருவாக்கியிருந்தார்.

அதே 1945இல் இன்னும் துணிவான ஓர் ஊகத்தை அச்சேற்றினார். அதற்கு முன்னரே அலிகாரில் கூடிய இந்தியக் கணிதக் கழக மாநாட்டில் அதைச் சொல்லியிருந்தார். வர்க்கங்கள், கனங்கள், மேல் அடுக்குகள் எல்லாவற்றையும் கலந்து ஏறுவரிசையில் நிறுத்த வேண்டும்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128. அடுத்தடுத்தவற்றின் இடைவெளிகள் 3, 4, 1, 7, 9, 2, 5, 4, 13, 15, 17, 19, 21, 4, 3. ஏறி ஏறித் திடீரென்று சரிகின்றன. 2187 மூன்றின் ஏழாம் அடுக்கு. 2197 பதின்மூன்றின் கனம். அவ்வளவு தூரம் சென்ற பிறகும் இடைவெளி பத்துதான். (முன்னே சொன்ன பதினேழு எண்களின் கூட்டத்துக்குள்ளேயே இவ்விரண்டும் இருப்பது ஒரு வேடிக்கை.) இத்தகைய சரிவுகள் என்றென்றும் தொடருமா? தொடரா என்பது பிள்ளையின் ஊகம். எந்த இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் அது சில தடவையே வரும்; பிறகு மறைந்துவிடும்; இடைவெளிகள் இறுதியில் எல்லையின்றி வளரும்.

பிள்ளையின் ஆய்வு கடல் கடந்து மதிக்கப்பட்டதற்கு அடையாளமாக, 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய அழைத்தது. ஐன்ஸ்டைன் அங்கே இருந்த காலம். அவ்வாண்டு ஆகஸ்டு 30 முதல் செப்டம்பர் 6 வரை ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு நடைபெற இருந்தது. 1936இல் ஆஸ்லோவில் கூடிய பின், போரால் தடைப்பட்டு, பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கூடிய மாநாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக அதில் கலந்துகொள்ளவும் பிள்ளைக்கு வாய்ப்புக் கிட்டியது. வல்லத்தில் பிறந்து, செங்கோட்டையில் சாஸ்திரியாரின் தயவால் படித்தவர், நாற்பத்தொன்பதாம் வயதில் மேலைநாட்டுப் பயணம் புறப்பட்டார். தம் கட்டுரைகளைப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் நேரில் காணும் வாய்ப்பு அது.

பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் அது. ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோவை விட்டு எழும்பிய சிறிது நேரத்தில் இயந்திரம் ஒன்று தீப்பற்றியது. எகிப்தின் இதாய் எல் பாரூது என்னும் ஊருக்கருகே விமானம் வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த ஐம்பத்தைந்து பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரின் திட்ட வரைவில் பங்கேற்று அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்த போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் நோவிக்கியும் இறந்தோருள் ஒருவர். ஹார்வர்டில் மாநாடு முந்தைய நாளே தொடங்கியிருந்தது.

வாரிங் தொடரில் பிள்ளை விட்டுச் சென்ற இடைவெளிகள் இரண்டு. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனரான சென் ஜிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை 1986இல் மூவர் சேர்ந்து முடித்தனர். இருவர் பிரெஞ்சுக்காரர், மூன்றாமவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியன். பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த பிள்ளையின் கட்டுரைகளையெல்லாம் திரட்டி, ஆர். தங்கதுரையுடன் சேர்ந்து, தொகுப்பு நூலாக்கியவரும் அவரே. இராமானுஜன் கணிதக் கழகத்தின் வெளியீடாக 2010இல் அது வந்தது.

அடுக்குகளின் இடைவெளி பற்றிய ஊகத்தில் ஒரே ஓர் இடைவெளி மட்டும் தீர்ந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்று என்பது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே அன்றி வேறெங்கும் இல்லை என்பதை, கற்றலான் காலத்திலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வினாவை, 2002இல் ருமேனியரான மிகைலெஸ்கு நிறுவினார். இரண்டு என்ற இடைவெளி 25க்கும் 27க்கும் இடையே இருக்கிறது. அது வேறெங்கேனும் உண்டா, உண்டென்றால் முடிவுள்ள தடவைகள்தாமா என்பதை இன்னும் எவரும் நிறுவவில்லை.